ஆளைப் பார்ப்பதா, கட்சியைப் பார்ப்பதா? சிவகங்கையிலிருந்து சிங்கப்பூர் வரை

புதுவயலிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "2023 ஜனாதிபதி தேர்தலில் தர்மன் சண்முகரத்னத்துக்கு 70 சதவீத ஓட்டு விழுந்தது. என்னோடு வேலை பார்க்கிற சீன நண்பர்கள், 'கட்சியைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்துப் போட்டோம்' என்கிறார்கள். ஊரில் எங்கள் ஐயாவோ வாழ்நாள் முழுக்கச் சின்னத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. ஜனாதிபதி தேர்தல் நடக்கிற நாடுகளில் மக்கள் உண்மையில் எதைத்தான் எடைபோடுகிறார்கள்? நம் ஊர்க்காரர்களுக்கு ஆளை எடைபோடத் தெரியவில்லையா?"

தெரியும் தம்பி. நன்றாகவே தெரியும். ஒருவர் ஆளைப் பார்க்கிறாரா, கட்சியைப் பார்க்கிறாரா என்பதை அவருடைய படிப்போ புத்தியோ தீர்மானிப்பதில்லை. வாக்குச்சீட்டு அவர் முன் என்ன கேள்வியை வைக்கிறதோ அதற்குத்தான் அவர் பதில் சொல்கிறார். உங்கள் ஐயாவைக் கொண்டுபோய் சிங்கப்பூர் வாக்குச்சாவடியில் நிறுத்தினால் அவரும் ஆளைத்தான் பார்ப்பார். உங்கள் நண்பர்களை இங்கே கூட்டிவந்து காரைக்குடியில் குடிவைத்தால் இரண்டு தேர்தலுக்குள் சின்னம் பார்க்கப் பழகிவிடுவார்கள்.

வெளிநாட்டுக் கதைக்குப் போகுமுன் நம் தொகுதியையே பார்த்துவிடலாம். செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்கள் செட்டியார் ஓட்டு என்று பேச ஆரம்பிப்பார்கள். பெரிய வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன, ஓட்டு சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறது. திருமயம், ஆலங்குடி, காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை என்று ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்த சிவகங்கை மக்களவைத் தொகுதியில் நகரத்தார் ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் ஜெயிக்க முடியாது. கள்ளர், உடையார், யாதவர், பள்ளர், முத்தரையர், முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் போட்டால்தான் கணக்கு. அதனால் இங்கே நடப்பதைச் சாதி ஒன்றைச் சொல்லி விளக்கிவிட முடியாது.

ப. சிதம்பரம் 1984 முதல் சிவகங்கையில் நின்றவர். 1996இல் மூப்பனாரோடு காங்கிரசை விட்டு வெளியேறி, தமிழ் மாநில காங்கிரசின் சைக்கிள் சின்னத்தில் நின்றார், ஜெயித்தார். கை போய் சைக்கிள் வந்தும் ஜெயித்ததால், இது ஆளுக்கு விழுந்த ஓட்டு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சைக்கிளுக்குப் பின்னால் உதயசூரியன் நின்றது. பிறகு வந்த 1999ஐப் பாருங்கள். அதற்குள் அவர் நிதியமைச்சராக இருந்து, 1997இல் 'கனவு பட்ஜெட்' போட்டு, நாடே அறிந்த முகமாகிவிட்டார். அந்தத் தேர்தலில் திமுக பாஜகவோடு சேர்ந்தது, அதிமுக காங்கிரசோடு சேர்ந்தது, தமிழ் மாநில காங்கிரஸ் இரண்டுக்கும் வெளியே நின்றது. காங்கிரசின் சுதர்சன நாச்சியப்பன் ஜெயித்தார். பாஜகவின் எச். ராஜா இரண்டாம் இடம். சிதம்பரம் மூன்றாம் இடம். 2004இல் திமுகவும் காங்கிரசும் ஒரே அணிக்கு வந்தன, அதே சிதம்பரம் மறுபடி எம்.பி. ஆனார். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் அவருடைய திறமையோ குறையோ தலைகீழாக மாறிவிடவில்லை.

மகன் கதை இன்னும் தெளிவு. 2014இல் காங்கிரஸ் தனியாக நின்றது. கார்த்தி சிதம்பரம் நான்காம் இடம், டெபாசிட்டும் போனது. 2019இல் திமுக அணியில் அதே ஆள், அதே தொகுதி, 3,32,244 வாக்கு வித்தியாசத்தில் வெற்றி. எதிர்ப்பக்கமும் இதே கதைதான். 2019இல் அவரிடம் தோற்ற எச். ராஜா, 2001இல் பாஜக திமுக அணியில் இருந்தபோது காரைக்குடி எம்எல்ஏவாக ஜெயித்தவர். 1957இல் திமுக முதன்முதலாகத் தேர்தலுக்கு வந்தபோது, சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் பக்கத்திலேயே திருக்கோஷ்டியூரில் நின்று தோற்றார். ஐந்து வருடம் கழித்துக் காரைக்குடியில் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் ஜெயித்தார். அவருக்கு ஊரில் பெரிய மரியாதைதான், ஆனாலும் ராஜாஜியின் சுதந்திரக் கட்சி என்ற பெயரும் கூடவே நின்றது.

அப்படியானால் ஆளுக்கு மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது, விளிம்பில் இருக்கிறது. 2009இல் சிதம்பரம் ஜெயித்தது 3,354 வாக்கில். அவ்வளவு நெருக்கமான போட்டியில் ஒரு கிராமத்துக்கு வந்த வங்கிக் கிளை, ஒரு கல்யாணத்துக்கு வராமல் போனது, எல்லாமே முடிவை மாற்றும். மூன்று லட்சம் வித்தியாசத்தில் எதுவும் மாற்றாது.

இன்னொன்று. நம் ஆட்கள் ஆளைப் பார்க்கவே மாட்டார்கள் என்பதற்கு 1980 பதில் சொல்லிவிட்டது. அந்த ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் திமுகவும் இந்திரா காங்கிரசும் சேர்ந்து தமிழ்நாட்டின் 39 தொகுதியில் 37ஐ வாரிக்கொண்டன. அதிமுக அணிக்கு 2. எம்ஜிஆர் ஆட்சி கலைக்கப்பட்டது. சில மாதம் கழித்துச் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது அதே மக்கள் எம்ஜிஆரை மறுபடி முதலமைச்சராக்கினார்கள். டெல்லிக்கு யார் என்று கேட்டபோது ஒரு பதில், கோட்டைக்கு யார் என்று கேட்டபோது வேறு பதில். என் கணக்கில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல்தான் நமக்கு ஜனாதிபதி தேர்தல். 234 தொகுதியிலும் நிற்பது முதலமைச்சர் வேட்பாளர் ஒருவரே. ஊர் வேட்பாளர் அவருடைய சின்னத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார். உங்கள் ஐயா சின்னத்தைப் பார்த்தது தலைவரைப் பார்த்ததுதான்.

பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் நடத்த, போன காலத்தில் நகரத்தார் முதலாளி தன் கடைக்கு ஏஜெண்டு அனுப்பிய முறை உங்கள் வீட்டிலும் பேசியிருப்பார்கள். மூன்று வருடக் கணக்கு. ஆள் கெட்டிக்காரனா என்று பார்ப்பார்கள். அதோடு எந்தக் கோயிலை, அதாவது நகரத்தாரின் எந்தக் குலப் பிரிவைச் சேர்ந்தவன், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்றும் பார்ப்பார்கள், ஏனென்றால் ரங்கூனில் அவன் என்ன செய்கிறான் என்பதைக் காரைக்குடியில் உட்கார்ந்து தினமும் பார்க்க முடியாது. தவறு செய்தால் ஊரில் பதில் சொல்ல ஒரு குடும்பம் வேண்டும். கணக்கு முடித்து வந்ததும் ஐந்தொகையை, அதாவது வரவுசெலவு இருப்புக் கணக்கைப் பார்த்துத்தான் மறுபடி அனுப்புவதா என்று முடிவு. வாக்காளர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். ஆளின் தரம் நேரில் தெரியாது, கட்சி அவருக்குப் பின்னால் நிற்கிற குடும்பம். ஏற்கனவே பதவியில் இருந்தவர் என்றால் ஐந்தொகை இருக்கிறது, அதைப் பார்க்கலாம். படிப்பு, பேச்சு, தோற்றம் எல்லாம் இந்த இரண்டும் கைகொடுக்காதபோதுதான் முன்னுக்கு வரும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு இலங்கையைப் பாருங்கள். கொழும்புச் செட்டியார் தெருவும் கதிரேசன் கோயிலும் நமக்கு அந்நியம் இல்லை, அதனால் அந்த அரசியலை நான் கொஞ்சம் கூடவே கவனிப்பேன். 1978 அரசியலமைப்பில் நிறைவேற்று ஜனாதிபதி முறை வந்தது, 1982இல் முதல் தேர்தல். ஒரே ஆளுக்கு நாடு முழுவதும் ஓட்டு. ஆனால் சின்னம் அங்கேயும் உண்டு.

2019இல் ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க நின்றார். கிடைத்தது 3.16 சதவீதம். 2024 செப்டம்பரில் அதே ஆள், முதல் எண்ணிக்கையிலேயே 42.31 சதவீதம். பேச்சு மாறவில்லை, முகம் மாறவில்லை, ஆயுதக் கிளர்ச்சி நடத்திய ஜே.வி.பி.யின் பழைய ரத்தக்கறை பற்றிய பயமும் முழுதாகப் போய்விடவில்லை. நடுவே 2022 வந்து போயிருந்தது. டாலர் தீர்ந்தது, பெட்ரோலுக்கும் காஸுக்கும் நாள்கணக்கில் வரிசை, பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது, கோட்டாபய ராஜபக்ச ஜூலையில் நாட்டை விட்டே ஓடினார். அவருக்கு 2019இல் விழுந்தது 52 சதவீதத்துக்கு மேல். ஐந்தொகை படித்த ஜனங்கள் அந்தக் குடும்பத்தையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆட்சிப் பொறுப்பில் ஒருநாளும் பெரிதாக இல்லாதவர் என்பது 2019இல் அநுரவின் குறையாக இருந்தது, 2024இல் அதுவே அவருடைய தகுதியாகிவிட்டது.

ரணில் விக்கிரமசிங்க கதைதான் எனக்குச் சுவை. 2022இல் பாராளுமன்றம் அவரை ஜனாதிபதியாக்கியது. வரிசைகள் குறைந்ததும், சர்வதேச நாணய நிதியத்தோடு ஒப்பந்தம் ஆனதும் அவர் காலத்தில். 2024இல் சுயேச்சையாக நின்றபோது அவருடைய சின்னமே காஸ் சிலிண்டர். எதை நினைவுபடுத்த என்று விளக்க வேண்டியதில்லை. கிடைத்தது 17 சதவீதம். ஐந்தொகையைப் பார்த்து ஓட்டுப்போடுவார்கள் என்றால் இவர் ஏன் தோற்றார்? வரிசையை நிறுத்தியவர் என்ற நன்றி இருந்தது, ஆனால் கூடவே ஏறிய வரியும் மின்கட்டணமும் இருந்தன. அதைவிட முக்கியம், அவருக்குப் பின்னால் நிற்க ஒரு கட்சி இல்லை. அவருடைய ஐக்கிய தேசியக் கட்சிக்கு 2020 பாராளுமன்றத்தில் ஒரே ஒரு தேசியப்பட்டியல் இடம்தான், அதாவது நாடு முழுக்க விழுந்த ஓட்டு விகிதத்தில் கிடைக்கிற இடம். அவரைத் தாங்கி நின்றவர்களில் பலர் ராஜபக்சவின் மொட்டுக் கட்சியிலிருந்து வந்தவர்கள். இவருக்குப் போட்டால் யார் திரும்பி வருவார்கள் என்று ஜனங்கள் பார்த்தார்கள். ஜனாதிபதி தேர்தலில் எடைத்தட்டில் ஏறுவது வேட்பாளர் ஒருவர் இல்லை, அவர் மேடையில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களும் சேர்ந்துதான்.

வடக்கு, கிழக்குத் தமிழர்களின் கணக்கு வேறு. 2010இல் யாழ்ப்பாணத்தில் ஓட்டுப்போட வந்தவர்கள் குறைவு, வந்தவர்களில் பெரும்பாலோர் சரத் பொன்சேகாவுக்குப் போட்டார்கள். முந்தைய வருடம் போரை முடித்த ராணுவத் தளபதி அவர். தமிழர்கள் அவரை நல்லவர் என்று எடைபோட்டார்கள் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். மகிந்த ராஜபக்சவுக்கு எதிராக ஜெயிக்கக்கூடியவர் வேறு யாரும் களத்தில் இல்லை. யார் வேண்டும் என்பதை விட யார் வேண்டாம் என்பதே சில சமயம் ஒரே கேள்வியாகிவிடுகிறது. இதை விருப்பமின்மை என்று சொல்ல மாட்டேன், கணக்குத் தெரிந்தவர்கள் போடுகிற ஓட்டு இது.

2024இல் யாழ்ப்பாணம் இன்னும் சிக்கலாக நடந்துகொண்டது. தமிழ்ப் பொதுவேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் அரியநேத்திரன் நின்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சஜித் பிரேமதாச முதலிடம், சங்கு அதை ஒட்டி இரண்டாமிடம், ரணில் மூன்றாமிடம். அநுரவுக்கு 10 சதவீதம்கூட இல்லை. இரண்டு மாதம் முடியுமுன், நவம்பர் 14இல் பாராளுமன்றத் தேர்தல். அதே யாழ்ப்பாணத்தில் ஜே.வி.பி. தலைமையிலான அநுரவின் கூட்டணி, தேசிய மக்கள் சக்தி, முதலிடத்துக்கு வந்து 6 இடத்தில் 3ஐ எடுத்தது. மனம் மாறிவிட்டது என்பது சோம்பேறி விளக்கம். செப்டம்பரில் நாட்டை யார் ஆள்வது என்று கேட்டார்கள். நவம்பரில் அது முடிந்துபோன விஷயம், ஆளப்போகிறவர் பக்கத்தில் நம் சார்பில் யார் உட்கார்வது என்பதுதான் மிச்சம். தமிழ்க் கட்சிகள் தங்களுக்குள் சிதறிக் கிடந்ததும் உதவியது. 1980இல் நாம் செய்ததற்கு இது தூரத்து உறவு.

அந்தத் தேர்தலில் பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் வாக்காளர் விருப்பத் தெரிவாக மூன்று பேர் வரை வரிசைப்படுத்தலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்களின் சீட்டுகளில் அடுத்த தெரிவை எண்ணுவார்கள். 2024இல்தான் முதல்முறையாக அப்படி எண்ண நேர்ந்தது. வெளியேறிய வேட்பாளர்களுக்கு விழுந்திருந்தது ஏறக்குறைய 33 லட்சம் ஓட்டு. அதில் அநுரவுக்கு வந்து சேர்ந்தது 1,05,264, சஜித்துக்கு 1,67,867. இரண்டையும் கூட்டினால் பத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. ஆளை ஆளாக நிறுத்து எடைபோடுகிறவருக்கு இரண்டாவது நல்லவர், மூன்றாவது நல்லவர் என்று ஒரு வரிசை மனதில் இருக்கும். அந்த வரிசையை எழுத இடம் கொடுத்தும் பெரும்பாலோர் எழுதவில்லை. பழக்கமில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவர்கள் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், தேர்ந்தெடுத்த பின் மற்றவர்களை நிறுத்துப் பார்க்கிற வேலையே இல்லை.

அமெரிக்காவைப் பற்றி நம் தொலைக்காட்சிகள் நிறையப் பேசுவதால் சுருக்கமாகவே சொல்கிறேன். கமலா ஹாரிசுக்காக அவருடைய தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் அர்ச்சனை நடந்ததையும் விவாத மேடையில் யார் மடக்கினார் என்பதையும் பார்த்து, அங்கே எல்லாம் ஆள்தான் என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1950களிலேயே வாக்காளர்களை உட்காரவைத்துப் பேசி, கட்சிப் பற்று என்பது வீட்டிலிருந்து வருகிற ஒன்று, வேட்பாளரைப் பார்க்கிற கண்ணாடியே அதுதான் என்று காட்டினார்கள். அது தளர்ந்துகொண்டு வருகிறது என்று நடுவே பேசிக்கொண்டார்கள், பிறகு இன்னும் இறுகியது. 2016இல் செனட் தேர்தல் நடந்த ஒவ்வொரு மாநிலத்திலும் ஜனாதிபதிக்கு ஜெயித்த கட்சியே செனட்டுக்கும் ஜெயித்தது. 2020இல் மெய்ன் மட்டும் விலகி நின்றது. 2024இல் அரிசோனா, நெவாடா, மிச்சிகன், விஸ்கான்சின் நான்கிலும் டிரம்ப் ஜெயித்தார், ஆனால் செனட்டுக்கு ஜனநாயகக் கட்சிக்காரர்கள் வந்தார்கள். அந்தக் கொஞ்சப் பேர்தான் ஆளைப் பார்த்துப் பிரித்துப் போட்டவர்கள். வெற்றியைத் தீர்மானிப்பது அவர்கள் மாதிரி ஆட்கள் என்பதால், பிரசாரப் பணத்தில் பெரும்பகுதி ஏழெட்டு மாநிலத்தில் கொட்டப்படுகிறது.

ஐந்தொகையும் அங்கே உண்டு. 1980 விவாதத்தில் ரீகன், நான்கு வருடத்துக்கு முன் இருந்ததை விட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று மக்களைக் கேட்டார். 2022 ஜூனில் 9.1 சதவீதத்துக்கு ஏறிய பணவீக்கம் பிறகு இறங்கிவிட்டது, ஏறிய விலை இறங்கவில்லை. 2024இல் அதற்கான பில் ஆளும் கட்சி வேட்பாளரிடம் வந்தது.

முகத்தைப் பற்றிக் கேட்பீர்கள். பிரின்ஸ்டனில் அலெக்சாண்டர் டோடொரோவ் குழு 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. முன்பின் தெரியாத இரண்டு செனட் வேட்பாளர்களின் படத்தைக் காட்டி, யார் திறமைசாலியாகத் தெரிகிறார் என்று கேட்டார்கள். பத்துக்கு ஏழு தொகுதியில் அப்படித் தெரிந்தவரே ஜெயித்திருந்தார். காரைக்குடியில் பிளக்ஸ் அடிக்கிறவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. ஆனால் அதை வைத்து மக்கள் முகத்துக்கு ஓட்டுப்போடுகிறார்கள் என்று தாவிவிடக் கூடாது. கட்சி பலமாக உள்ள இடத்தில் நல்ல முகத்தோடு ஆளை நிறுத்துகிறார்கள் என்பதும் அதே கணக்கைக் கொடுக்கும்.

இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நமக்கு ஓட்டே இல்லை. எம்.பி.க்களும் எம்எல்ஏக்களும் போடுகிறார்கள், 2022 தேர்தலில் தமிழ்நாட்டு எம்எல்ஏ ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. ரகசிய வாக்கு, கட்சிக் கொறடா உத்தரவு செல்லாது, அதனால் ஆளைப் பார்த்துப் போட எல்லா வசதியும் உண்டு. 1969இல் இந்திரா காந்தி மனசாட்சிப்படி போடுங்கள் என்று சொல்லி, சொந்தக் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டியைத் தோற்கடித்து வி.வி. கிரியைக் கொண்டுவந்தார். 2007இல் பாஜக அணியில் இருந்த சிவசேனை, பிரதிபா பாட்டீல் மராட்டியர் என்பதால் அவருக்குப் போட்டது. இப்படிச் சில விதிவிலக்கு. மற்றபடி எல்லாம் அறிந்த அரசியல்வாதிகளே ரகசியப் பெட்டிக்குள் கட்சிப்படிதான் போடுகிறார்கள். உங்கள் ஐயாவை மட்டும் ஏன் குறை சொல்வது?

இப்போது சிங்கப்பூர். 1993இலிருந்து அங்கே மக்கள் நேரடியாக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் வேட்பாளர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது. தர்மனும் 2023இல் மக்கள் செயல் கட்சியிலிருந்து விலகித்தான் நின்றார், அன்னாசிப்பழச் சின்னத்தில். சீட்டிலிருந்து கட்சியையே எடுத்துவிட்டால் உங்கள் நண்பர்கள் வேறு எதைத்தான் பார்ப்பார்கள்? அதனால் அவர்கள் சொன்னது பொய் இல்லை. சீனர் பெரும்பான்மையாக உள்ள நாட்டில், யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளியில் வந்தவர் இரண்டு சீன வேட்பாளர்களுக்கு எதிராக 70.4 சதவீதம் வாங்கியதில் ஆளுக்கு உரிய பங்கு நிச்சயம் உண்டு. 2020 பொதுத் தேர்தலில் அவருடைய கட்சிக்கு நாடு முழுக்கக் கிடைத்தது 61 சதவீதம். அவர் நின்ற ஜூரோங்கில் 74.6, கட்சிக்குக் கிடைத்ததிலேயே உச்சம். அந்த இடைவெளி அவருடையது.

ஆனால் அடியில் இருக்கிற அறுபதை மறந்துவிடாதீர்கள். 2011 மே மாதப் பொதுத் தேர்தலில் அதே கட்சி 60 சதவீதம் வாங்கியது. ஆகஸ்டில் ஜனாதிபதி தேர்தல், நான்கு வேட்பாளர், நால்வருமே டான். முன்னாள் துணைப் பிரதமர் டோனி டானும், அதே கட்சியின் முன்னாள் எம்.பி. டான் செங் போக்கும் ஒருபக்க ஓட்டைப் பிரித்துக்கொண்டார்கள். டோனி டான் 35 சதவீதத்தில், 7,382 ஓட்டு வித்தியாசத்தில் தப்பினார். கட்சிப் பெயர் சீட்டில் இல்லாதபோது கட்சி ஓட்டுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. 2023இல் அந்தக் குழப்பம் இல்லை, அந்தப் பக்கத்தில் எல்லாரும் அறிந்த பெரிய பெயர் ஒன்றுதான் இருந்தது. ஆக 70இல் ஒரு பெரும்பகுதி கட்சி கொண்டுவந்து சேர்த்தது, மேலே உள்ளது தர்மன் சம்பாதித்தது. எவ்வளவு எவருடையது என்பது, இன்னொருவர் அதே பின்பலத்தோடு நிற்கிறபோதுதான் துல்லியமாகத் தெரியும். அங்கே பதவிக்காலம் ஆறு வருடம், அதனால் 2029 வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் நண்பர்களிடம், 2011இல் ஓட்டு இருந்தவர்களாகப் பார்த்து, நான்கு டான்களில் யாருக்குப் போட்டீர்கள், ஏன் என்று கேட்டு எழுதுங்கள் தம்பி.